பேனாவோடு படிக்க வேண்டிய புத்தகம்

மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்', மனச்சோர்வுக்கான சுயஉதவி நூல்களில் இன்றும் பெரிதும் பரிந்துரைக்கப்படும் ஒன்று. மனநல மருத்துவர் ஏரன் பெக் வகுத்த, எண்ணங்களைச் சரிபார்த்துத் திருத்துவதன் வழியே மனநிலையை மாற்றும் சிகிச்சை முறையை வாசகர் தாமாகவே செய்துபார்க்கும் பயிற்சியாக ஆக்கித் தந்திருப்பதே இதன் சிறப்பு. புத்தகம் படித்தால் மனச்சோர்வு குறையுமா என்று ஐயப்படுவது நியாயம்தான். ஆனால் ஃபாரஸ்ட் ஸ்கோகின் முதலான உளவியலாளர்கள் இதே நூலை மனச்சோர்வு உள்ளவர்களிடம் கொடுத்து ஆராய்ந்து, முன்னேற்றம் தெரிவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நூலின் உயிர், ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதும் பயிற்சியில் இருக்கிறது. அனுப்பிய அறிக்கையில் பிழை இருந்ததென மேலதிகாரி கடிந்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மனம் சொல்வதை இடப்பக்கம் அப்படியே எழுத வேண்டும்; பர்ன்ஸ் பட்டியலிடும் பத்துச் சிந்தனைத் திரிபுகளில் (உள்ளதை வளைத்துப் பார்க்கும் வழக்கங்களில்) அது எந்த வகை என்பதை, இங்கே தன்மீதே முத்திரை குத்திக்கொள்வது என்பதை, நடுவில் குறிக்க வேண்டும்; 'பிழை இருந்தது உண்மை, திருத்தி அனுப்பிவிடலாம்' என்பது போன்ற பதிலை வலப்பக்கம் எழுத வேண்டும். மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, எழுதியே ஆக வேண்டும் என்பதில் ஆசிரியர் கறாராக இருக்கிறார். அவர் சொல்வது சரி. கதைப்புத்தகம் போலப் புரட்டிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவர்களாகவே இருப்பார்கள்.

குறைகளும் உண்டு. நூல் தடிமனானது, சொன்னதையே திரும்பச் சொல்கிறது, சில இடங்களில் அதன் உற்சாகம் சோர்ந்திருப்பவருக்கு எரிச்சலூட்டும். பிந்தைய பதிப்பில் சேர்ந்த மருந்துகள் பற்றிய பகுதி பழையதாகிவிட்டதால், அதை நம்பி மருந்தில் கைவைக்கக் கூடாது. கவனம் சிதறுவதும் மனச்சோர்வின் ஓர் அறிகுறி என்பதால், கடுமையான நிலையில் உள்ளவரால் பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடியாமல் போகலாம். தற்கொலை எண்ணம் இருப்பவர் புத்தகத்தைத் திறக்கும் முன்பே மருத்துவரிடம் போக வேண்டும்.

தன் உணர்வுக்குப் பெயர் சொல்லவே தடுமாறுபவருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, 2015இல் வந்த 'இன்சைட் அவுட்' திரைப்படம் நல்ல தொடக்கம். சோகத்தை ஓரங்கட்டாமல் அதற்கும் இடம் கொடுத்தால்தான் பிறர் உதவி வந்து சேரும் என்பதை அது காட்டுகிறது. பார்த்தபின் பேச்சைத் தொடங்குவதும் எளிது. ஆனால் படம் பயிற்சி தராது.

வாங்குபவர்கள் திரிபுகளைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் படித்து, ஒரு வாரமாவது தாள்களை நிரப்பிய பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். ஆலோசகரிடம் செல்பவர்கள் அந்தத் தாள்களையும் உடன் கொண்டுபோனால், முதல் சந்திப்பிலேயே பேசுவதற்கு விஷயம் கையில் இருக்கும்.