ஊரில் தொடங்கும் முன்னுரையா, உலகத்திலிருந்து இறங்கும் முன்னுரையா?

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரி நூலகங்களில், வணிகவியலிலோ பொருளியலிலோ நாலைந்து ஆய்வேடுகளை எடுத்து முதல் இயலான முன்னுரையைப் புரட்டினால், தலைப்புகள் வேறாக இருந்தும் தடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். முதலில் உலகம், அடுத்து இந்தியா, பிறகு தமிழ்நாடு, கடைசியில் மாவட்டம். அதன்பின் 'ஆய்வின் நோக்கங்கள்' என்று ஐந்து வரி, 'கருதுகோள்கள்' என்று பத்து வரி. கேள்வியைத்தான் தேட வேண்டியிருக்கும். இப்படித்தான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பொருந்தும் இடம் வேறு. ஒரே தலைப்பை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலங்கும். ஈரோட்டு விவசாயிகள் விளைந்த மஞ்சளை எப்போது விற்கிறார்கள் என்பதை எடுத்துக்கொள்வோம்.

எங்கிருந்து தொடங்குவது

உலகத்திலிருந்து இறங்கும் முன்னுரை இப்படித் தொடங்கும்: 'உலக மஞ்சள் உற்பத்தியில் இந்தியா முதலிடம் வகிக்கிறது. மஞ்சள் பழங்காலம் தொட்டு உணவாகவும் மருந்தாகவும் சாயமாகவும் பயன்பட்டு வருகிறது.' ஈரோடு வந்து சேர ஆறு பக்கம் ஆகும். விவசாயி வர எட்டு.

இதில் மூன்று தொல்லைகள். இந்த வாக்கியங்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால், ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் இந்த இயல்தான் முதலில் மாட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், திருத்தி 6 மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். அடுத்தது புள்ளிவிவரம்: பதிவு செய்த ஆண்டில் எடுத்துப் போட்ட உற்பத்தி, ஏற்றுமதி எண்கள் சமர்ப்பிக்கும்போது பழசாகிப் போயிருக்கும், மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது. மூன்றாவதுதான் பெரியது. ஏற்றுமதியைப் பற்றி ஆறு பக்கம் படித்தவர் ஏற்றுமதியைப் பற்றிய ஆய்வை எதிர்பார்ப்பார். உள்ளே இருப்பதோ மொடக்குறிச்சி, கொடுமுடி வட்டார விவசாயிகளிடம் வாங்கிய வினாத்தாள்.

ஊரில் தொடங்கும் முன்னுரை இப்படி இருக்கலாம்: 'தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட மஞ்சள் உடனே விற்றாக வேண்டிய சரக்கு அல்ல. தக்காளி நாலைந்து நாளில் கெட்டுவிடும்; மஞ்சள் குடோனில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வரத்து கூடி விலை விழுந்தால் விவசாயி காத்திருக்கலாம். ஆனால், விலை இறங்கியிருக்கும்போதே விற்கிறவர்களும் உண்டு, ஏறிய பிறகும் கொடுக்காமல் வைத்திருக்கிறவர்களும் உண்டு.' நாலு வாக்கியத்தில் படிப்பவர் கையில் ஒரு புதிர் இருக்கிறது. அடுத்து என்ன என்று அவரே கேட்பார்.

இதற்கும் ஆபத்து உண்டு. அடுத்த பத்தியிலேயே, விளைபொருளை இருப்பு வைப்பது, கடன், விற்கும் காலம் ஆகியவை பற்றி முன்னாய்வாளர்கள் என்ன வாதிடுகிறார்கள் என்பதோடு இந்தப் புதிரைக் கோக்காவிட்டால், அது ஆய்வு முன்னுரையாக இல்லாமல் நாளிதழின் மாவட்டச் செய்தியாக நின்றுவிடும். வெளியூர்த் தேர்வாளரையும் நினைக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கான மானியக் குழுவின் 2022 விதிகள், இயன்றவரை புறத்தேர்வாளர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கட்டும் என்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் எப்படி நடக்கும், விரலி (விரல் போல நீண்ட பக்கக் கிழங்கு) என்றால் என்ன, கிழங்கு (உருண்டையான தாய்க் கிழங்கு) என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அதற்கு ஒரு பத்தி போதும், ஆறு பக்கம் வேண்டாம்.

மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வு முன்னுரைகளை மூன்று நகர்வுகளாகப் பிரித்துக் காட்டினார்: களத்தை நிறுவுவது, அதில் ஒரு காலியிடத்தைக் காட்டுவது, அந்த இடத்தில் தன் ஆய்வை உட்கார வைப்பது. முதல் நகர்வு உலகத்தில் இருந்தாலும் ஊரில் இருந்தாலும், முன்னுரை திரும்புவது இரண்டாவது நகர்வில்தான். தமிழில் அந்தத் திருப்பத்தில் பெரும்பாலும் 'ஆனால்', 'எனினும்', 'இருப்பினும்' என்ற சொல்லில் ஒன்று நிற்கும். உங்கள் முன்னுரையில் அந்தச் சொற்களின் கீழ் கோடு போட்டுப் பாருங்கள். முதல் கோடு மூன்றாம் பக்கத்துக்கு மேல் விழுந்தால், அதற்கு முன்னால் உள்ளதில் பாதியைத் தயங்காமல் வெட்டலாம்.

இருபதாண்டு ஏற்றுமதிப் போக்கு போல, முழுக்க அரசுப் புள்ளிவிவரத்தை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு உலகத்திலிருந்து இறங்குவது சரி. களத்துக்குப் போகும் எந்த ஆய்வுக்கும் ஊரில் தொடங்குவதே மேல்.

இடைவெளியா, நம்பிக்கையை அசைப்பதா

இரண்டாவது நகர்வில் நம் பக்கம் வழக்கமாக எழுதுவது இது: 'குண்டூர், நிஜாமாபாத் பகுதிகளில் ஆய்வுகள் நடந்துள்ளன; ஈரோட்டில் போதிய ஆய்வு இல்லை.' எழுதச் சுலபம். ஆனால் செய்யவில்லை என்பது மட்டுமே செய்வதற்குக் காரணம் ஆகாது. நல்ல நெறியாளர் இந்த இடத்தில் கேட்பார்: "ஏங்கண்ணு, ஈரோட்டுல யாரும் பண்ணலீங்கறது செரி. பண்ணுனா இங்க என்ன வேற மாதிரி வரும்னு நெனைக்கறே?" இதற்குப் பதில் இருந்தால் இடைவெளி நிற்கும், இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வில் விழும்.

பதில் இருக்க முடியும். ஈரோட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களும் ஏலம் நடத்துகின்றன. ஒரே மஞ்சளுக்கு விற்க ஒன்றுக்கு மேற்பட்ட இடம் இருக்கும்போது, விற்கும் முடிவு ஒரே சந்தை உள்ள ஊரில் இருப்பது போல இருக்காது என்று வாதிடலாம். இடம் மாறுவதால் காரணமும் மாறுகிறது என்று காட்டுகிற இடைவெளிதான் இடைவெளி.

மற்ற வழி, துறையில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையை எடுத்து அசைத்துப் பார்ப்பது. மேலாண்மை ஆய்வாளர்கள் ஆல்வெசனும் சாண்ட்பெர்கும் 2011இல் இதைத்தான் வலியுறுத்தினார்கள்: இடைவெளி தேடும் ஆய்வு, பழைய அனுமானத்தைக் கேள்வி கேட்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு வைக்கிறது என்பது அவர்கள் வாதம். மஞ்சளில் அந்த அனுமானம் எது? விவசாயி நல்ல விலைக்காகத்தான் இருப்பு வைக்கிறார் என்பது. ஆனால் இருப்பு வைத்த மஞ்சளின் பேரில் பொருளீட்டுக் கடன் கிடைக்கிறது. அப்படியானால் குடோனில் இருக்கும் மூட்டை விலைக்காகக் காத்திருக்கும் சரக்கா, அவசரத்துக்குப் பணம் எடுக்க வைத்திருக்கும் சேமிப்பா? இந்தக் கேள்வி வந்ததும், எந்த மாதம் என்ன விலை என்ற அட்டவணை மட்டும் போதாமல் போகிறது. வீட்டுச் செலவுக் கணக்கும் கடன் கணக்கும் தேவைப்படுகின்றன.

இந்த வழியில் வரும் சறுக்கல், யாரும் நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்டி அடிப்பது. அந்த நம்பிக்கை உண்மையிலேயே புழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மூன்று நாலு முன்னாய்வுகளையாவது பக்க எண்ணோடு காட்ட முடிய வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் அவை முழுதாகக் கிடைப்பதால் தேடுவதும் கஷ்டமில்லை. முடியாதென்றால் அடக்கமாக இடைவெளியே காட்டலாம். ஓர் ஆண்டில் முடிக்க வேண்டிய முதுநிலை ஆய்வுக்கு அதுவே பாதுகாப்பு. முனைவர் பட்டத்துக்கு மற்றதை முயல வேண்டும்.

நோக்கமா, கருதுகோளா, வினாவா

நோக்கப் பட்டியலின் முதல் வரியில் அடிக்கடி இருப்பது 'பதிலளிப்போரின் சமூகப் பொருளாதார நிலையை அறிதல்'. இது ஆய்வின் நோக்கம் அல்ல, மூன்றாம் இயலில் வர வேண்டிய ஒரு அட்டவணை. இதை நோக்கமாக வைப்பதால் வரும் கெடுதல் பின்னால்தான் தெரியும். வயது, கல்வி, நில அளவு, குடும்ப வருமானம் என்று 10 விவரம். கருத்துக் கேள்வி 8. ஒவ்வொன்றுக்கும் 'தொடர்பில்லை' என்று ஒரு இன்மைக் கருதுகோள் போட்டு கை-வர்க்கச் சோதனை (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) நடத்தினால் 80 சோதனை. 5 சதவீத மட்டத்தில், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 4 சோதனை தற்செயலாகவே 'தொடர்பு உண்டு' என்று சொல்லும். அந்த நாலையும் பிடித்துக்கொண்டு பரிந்துரை இயல் எழுதப்படுகிறது. கணக்கில் பிழை இருக்காது. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கருதுகோள் தேவைப்படும் இடம் உண்டு. எதை அளக்கிறோம், எந்தத் திசையில் மாறும் என்று எதிர்பார்க்கிறோம், ஏன் என்று மூன்றையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அதுவே சரி. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரைக் கிணறுகளை எடுத்தால் 'ஆற்றிலிருந்து தூரம் கூடக் கூடக் கிணற்று நீரின் மின்கடத்துதிறன் குறையும்' என்பது நல்ல கருதுகோள் (நீரில் உப்பு கூடினால் மின்கடத்துதிறனும் கூடும்). அளக்கக் கருவி இருக்கிறது, திசை இருக்கிறது, சாயக்கழிவின் உப்பு ஆற்றின் வழியே பரவியது என்ற காரணமும் இருக்கிறது. அதே கரையில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பிறகு விவசாயிகள் எந்தப் பயிருக்கு மாறினார்கள், எப்படி முடிவெடுத்தார்கள் என்று உட்கார்ந்து பேசிக் கேட்கும் ஆய்வுக்குக் கருதுகோள் ஒட்டாது; வினாதான் வேண்டும்.

வினா ஒரே தடவை எழுதினால் வராது. மஞ்சள் வினா படிப்படியாக எப்படித் தேறும் என்று பாருங்கள்.

'ஈரோடு மாவட்ட மஞ்சள் விவசாயிகளின் சந்தைப்படுத்தல் சிக்கல்கள் யாவை?' இதற்குப் பதில் ஒரு பட்டியல். சிக்கல் இருக்கிறது என்று முதலிலேயே முடிவும் செய்தாயிற்று.

'விவசாயிகள் ஏன் மஞ்சளை இருப்பு வைக்கிறார்கள்?' கொஞ்சம் தேவலை. ஆனால் எல்லாக் காரணமும் இதற்குள் வரும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

'மஞ்சளை இருப்பு வைக்கும் விவசாயிகள் விற்கும் நேரத்தை முடிவு செய்வதில், எதிர்பார்க்கும் விலைக்கும் வீட்டின் பணத்தேவைக்கும் உள்ள பங்கு என்ன? நில அளவைப் பொறுத்து அது எப்படி மாறுகிறது?' இப்போது யாரைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது வினாவிலேயே இருக்கிறது. பதில் எந்தப் பக்கம் வந்தாலும் சொல்லத் தகுந்ததாக இருக்கும். ஒரு பக்கம் வந்தால் மட்டும் பயன்படும் வினாவை நம்பி மூன்று வருடம் போடக் கூடாது.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. 'விலை' என்றால் எந்த விலை? விரலிக்கும் கிழங்குக்கும் குவிண்டாலுக்குத் தனித்தனி விலை. இரண்டையும் சேர்த்து 'மஞ்சள் விலை' என்று ஒரே எண்ணாக வினாத்தாளில் கேட்டால், வந்த பதில்களை ஒப்பிட வழி இருக்காது. முன்னுரையிலேயே எந்த ரகம், எந்தச் சந்தையின் விலை என்று வரையறுத்துவிட வேண்டும்.

வினா தேறியதும் ஒரு முழுத்தாளில் கோடு போட்டு நாலு நெடுவரிசை பிரியுங்கள்: வினா, தரவு எங்கிருந்து, எப்படிப் பகுப்பாய்வது, எந்த இயல். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த வினாவை எடுத்துவிடுங்கள் அல்லது வினாத்தாளை மாற்றுங்கள். பல்கலைக்கழகப் படிவம் 'நோக்கங்கள்' என்றுதான் கேட்கிறதா, கவலை வேண்டாம். தேறிய வினாவின் வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் நோக்கம் கிடைத்துவிடும். நோக்கத்திலிருந்து தொடங்கி வினாவுக்கு வருவதுதான் கடினம்.

ஒரு தாய் வினாவா, ஐந்து தனி வினாக்களா

கட்டுரைகளாக வெளியிட்டுக் கோக்கும் ஆய்வேட்டுக்குத் தனி வினாக்கள் பொருந்தும், ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. நூல் போல எழுதும் ஆய்வேட்டுக்கு ஒரு தாய் வினா, அதன் கீழ் மூன்று நாலு கிளை வினா என்பதே நல்லது. பண்பு சார்ந்த ஆய்வுக்கு ஒன்றிரண்டு மைய வினாவும் ஐந்து முதல் ஏழு துணை வினாவும் என்கிறார் ஆய்வு முறையியல் நூல்கள் எழுதிய ஜான் கிரெஸ்வெல். துணை வினா ஏழு என்பது முதுநிலை மாணவருக்கு அதிகம், இரண்டு போதும்.

முதலில் எழுதுவதா, கடைசியில் எழுதுவதா

இரண்டும்தான். களத்துக்குப் போகும் முன் ஒரு பக்கம்; எல்லா இயலும் முடிந்த பிறகு முழு முன்னுரை. ஆனால் திருத்துவதில் ஒரு எல்லை இருக்கிறது. முடிவுகளைப் பார்த்துவிட்டு அதற்கேற்பக் கருதுகோளை எழுதி, முதலிலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று காட்டுவது நேர்மையல்ல. உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998இல் இதற்கு 'ஹார்க்கிங்' (HARKing) என்று ஒரு பெயரே வைத்து அதன் கெடுதல்களை விளக்கினார். எதிர்பாராமல் வந்த முடிவை எதிர்பாராதது என்றே எழுதலாம். நேர்காணல் ஆய்வில் வினா களத்தில் மாறுவது இயல்பு. எப்போது, ஏன் மாறியது என்று முறையியல் பகுதியில் இரண்டு வரி எழுதினால் போதும்.

கடைசித் திருத்தத்தில் வினைமுற்றுகளை ஒரு முறை பாருங்கள். பதிவின்போது கொடுத்த சினாப்சிஸை (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை) அப்படியே முதல் இயலாக ஒட்டியிருந்தால் 'ஆராயப்படும்', 'திரட்டப்படும்' என்று எதிர்காலத்திலேயே நிற்கும். முடிந்த ஆய்வில் அவை 'ஆராயப்பட்டது', 'திரட்டப்பட்டன' என்று மாற வேண்டும். மாதிரி எண்ணிக்கையும் சினாப்சிஸில் திட்டமிட்டதா, உண்மையில் கிடைத்ததா என்று அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.