90 ரூபாய் பெல்லும் 2,000 ரூபாய் பெல்லும்

என் மவுண்டன் பைக்கின் விலையை வீட்டில் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. முன்னால் சஸ்பென்ஷன் உண்டு, இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் உண்டு, பின்னால் 12 கியர் உண்டு. பெல் மட்டும் கிடையாது. வாங்கும்போது கேட்டேன். "இந்த ரக வண்டிக்கெல்லாம் பெல் வராது சார்" என்றார் கடைக்காரர், பட்டு வேட்டிக்கு ஜிப் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு. நானும் கொஞ்சம் பெருமையோடு தலையாட்டிவிட்டு வந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வயது 46. ஞாயிறுதோறும் பவானிப் பாலத்தைத் தாண்டி, கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனை வழியாக மேலே ஏறுவேன். யானைகள் குறுக்கிடும் சாலை என்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பாடு. அரவேனு பக்கம் தெரிந்தவர்களின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுக்கொண்டு மண் பாதைகளில் பயிற்சி. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ அமெச்சூர் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன். பதக்கம் ஒன்றும் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் மாட்டிவிடுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, தோட்டப் பாதை ஒன்றில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் பத்தடி முன்னால் ஒரு பெரியவர், கையில் பால் தூக்குவாளி. "ஓரம், ஓரம்!" என்று கத்தினேன். அவர் ஓரம் போகவில்லை. அப்படியே துள்ளித் திரும்பினார். நான் அவர் மேல் மோதவில்லை, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். ஆனால் வாளி கவிழ்ந்துவிட்டது. செம்மண்ணில் பால் வெள்ளைக் கோடாக ஓடி என் முன் டயருக்கடியில் வந்து நின்றது. பாலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். போகும்போது வண்டியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், ஒரு பெல் வாங்க முடியவில்லையா தம்பி?" என்று கேட்டார். அன்று மாலையே தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் வாங்கிய நான்கு பெல்களைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முதலாவது, இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் பெல். தலையில் ஒரு திசைகாட்டி இருந்தது. அது கோத்தகிரி எப்போதும் தெற்கே இருப்பதாகச் சொல்லும். ஒரே மழையில் ஸ்பிரிங் துருப்பிடித்தது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது வெளிநாட்டுத் தயாரிப்பு. பெல் என்றே தெரியாதபடி ஹேண்டில்பாரைச் சுற்றி வளையம்போல் உட்காரும். பார்க்க அத்தனை அழகு. உடன் ஓட்டும் இளைஞர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். தட்டினால் வெள்ளிக் கம்பியை மீட்டியதுபோல மெல்லிய, உயர்ந்த ஓசை. கல்லூரி மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விறகு சுமந்து போகும் பாட்டிமார்கள் யாரும் திரும்பவில்லை. அலட்சியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச சுருதி ஓசைகளைத்தான். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பறவைச் சத்தம் கேட்கவில்லை என்று என் கடைக்கு வந்து சொன்னவர்கள் உண்டு. மலைப் பாதையில் எனக்கு முன்னால் நடப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் கேட்காத பெல்லை எவ்வளவு அழகாகச் செய்து என்ன பயன்? மகளின் சைக்கிளுக்கு மாட்டிவிட்டேன், அவளுக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, நாக்கு தொங்கும் பித்தளை மணி. இதுவும் இணையத்தில்தான், 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தட்ட வேண்டாம், பாதை குலுக்கினால் தானே அடிக்கும். மேலே ஒரு சிறு நெம்புகோல். அதைத் தள்ளினால் நாக்கு உயர்ந்து ஓசை அடங்கிவிடும். இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்க வேண்டிய நேரத்தில் இது தரும் நிம்மதி பெரிது. முன்னால் இருப்பவர்களுக்கு நான் வருவது அரை நிமிடம் முன்பே தெரிந்துவிடும், யாரும் துள்ளுவதில்லை. குறை என்னவென்றால், மாட்டின் கழுத்து மணி ஓசைதான் இது, அச்சு அசல். "இன்று வண்டியில் எத்தனை மூட்டை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தார்ச் சாலையில் அடக்க மறந்தால் ஒவ்வொரு குழிக்கும் சிணுங்கும். அதைக் கட்டியிருந்த ரப்பர் பட்டையும் வெயிலில் ஓராண்டில் வெடித்துவிட்டது. இப்போது பழைய டியூபில் வெட்டிய துண்டுதான் தாங்குகிறது. கம்பெனிக்கு எழுதினேன், புதுப் பட்டையும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

யானைக் காட்டை ஒட்டிய பகுதியில் எந்த மணியையும் நான் அடிப்பதில்லை. அங்கே மெல்லப் போவது, சந்தேகமென்றால் திரும்பிவிடுவது, அவ்வளவுதான். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் போவதையே குறைத்துக்கொள்கிறேன்.

நான்காவதுதான் 90 ரூபாய் பெல். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் பழுதுபார்க்கும் சின்னக் கடை. பஞ்சர் ஒட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் அப்பாக்களின் சைக்கிளில் இருந்த அதே எஃகுக் கிண்ணம். உள்ளே திறந்து பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலால் பிடியைத் தள்ளினால் சின்னப் பல்சக்கரங்கள் ஒரு தகட்டைச் சுழற்றுகின்றன. தகட்டின் இரு முனையிலும் இரண்டு வட்டுகள் தளர்வாக ஆடிக்கொண்டிருக்கின்றன. சுழலும்போது அவை வெளியே வீசப்பட்டுக் கிண்ணத்தை மாறி மாறி அடிக்கின்றன. அதனால்தான் ஒரு தள்ளலுக்கு ஒரு 'டிங்' இல்லாமல் 'கிணிங்கிணிங்' என்று ஒரு வரிசையே வருகிறது. சுருதி கொஞ்சம் தாழ்ந்தது, கரகரப்பானது. பாட்டிமார்கள் திரும்புகிறார்கள். இன்னொன்று, இந்த ஓசையைக் கேட்டால் பின்னால் வருவது சைக்கிள் என்பது இந்த ஊரில் யாருக்கும் யோசிக்காமலே தெரியும். அந்த வெள்ளிக் கம்பி ஓசையைச் செல்பேசி என்று நினைத்துப் பையைத் துழாவியவர்களும் உண்டு.

மாட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பார் நடுவில் 31.8 மி.மீ. தடிமன், கைப்பிடி ஓரத்தில் 22.2 மி.மீ. இந்தப் பெல்லின் பட்டை ஓரத்தில்தான் பிடிக்கும். வலது பக்கம் கியர் மாற்றும் பிடி அடைத்துக்கொண்டிருக்கிறது. என் வண்டியில் முன்னால் ஒரே பல்சக்கரம், அதற்குக் கியர் பிடி தேவையில்லை என்பதால் இடது பக்கம் காலி. எனக்கு முன் பிரேக் வலக்கையில் இருப்பதால் அதுவே வசதியும்கூட. பெல் அடிக்க அந்தக் கையை எடுக்க வேண்டியதில்லை. பிரேக் கேபிள் கிண்ணத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் 'டக்' என்று செத்த ஓசைதான் வரும்.

எங்கே அடிப்பது என்பதைத்தான் கற்றுக்கொள்ள நாளானது. ஆளின் முதுகருகே போய் அடித்தால் கத்துவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இருபது, இருபத்தைந்து மீட்டருக்கு முன்பே ஒரு முறை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, அருகில் வந்ததும் "வலப்பக்கம் போகிறேன் பாட்டி" என்று வாயால் சொல்ல வேண்டும். மவுண்டன் பைக் பந்தயத்தின் தாய்வீடு கலிபோர்னியாவின் மாரின் வட்டாரம். 1976இல் அங்கே பழைய சைக்கிள்களில் மண் சாலையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஒரே இறக்கத்தில் பின் பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். பிறகு நடப்பவர்களோடும் குதிரைக்காரர்களோடும் அங்கே வந்த தகராறு கொஞ்சநஞ்சமல்ல. இன்று அந்த வட்டாரத்து மலைப் பாதைகளில் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 15 மைல், மறைவான வளைவில் 5 மைல், அதாவது 8 கி.மீ. தேயிலைச் செடி மறைக்கும் வளைவுகளில் அந்த 8 கி.மீ. கணக்கை நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பால் வாளிக்கு அதுவே போதுமான மரியாதை.

தார்ச் சாலையில் எந்தப் பெல்லுக்கும் பெரிய வேலை இல்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸின் டிரைவருக்கு இன்ஜின் சத்தத்தைத் தாண்டி நம் கிணிங்கிணிங் கேட்கப்போவதில்லை. அவர் கண்ணில் படுவதுதான் முக்கியம். பின்னால் சிவப்பு விளக்கு, வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பது, மேலேறும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது. பின்னால் நான்கு வண்டி சேர்ந்துவிட்டால் நான் அகலமான இடம் பார்த்து இறங்கி நின்றுவிடுவேன். ஏற்றத்தில் மூச்சு வாங்க ஒரு கௌரவமான சாக்கும் ஆயிற்று.

பந்தயத்திலும் ஒரு முறை இந்த 90 ரூபாய் பெல்லோடு போனேன். தோட்டத்துக்குள் நான்கு சுற்று. தொடக்கக் கோட்டில் பக்கத்தில் நின்ற பையன், "அண்ணா, பேப்பர் போட்டுவிட்டு நேராக வந்துவிட்டீர்களா?" என்றான். எடை குறைய வேண்டுமென்று தண்ணீர்ப் புட்டியைக் கூடப் பாதிதான் நிரப்பியிருந்தான். மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்திருக்கிறேன், என் பெல் 110 கிராம். இரண்டாம் சுற்றில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய பாதையில் அவன் கியர் சிக்கித் திணறிக்கொண்டிருந்தான். பந்தயத்தில் பொதுவாக "வலது! வலது!" என்று கத்துவார்கள், களைத்தவனுக்கு அந்த நேரத்தில் எது வலது என்றே விளங்காது. நான் பெல் அடித்தேன். சந்தையில் நிற்பவன்போல அவன் தன்னிச்சையாக ஒதுங்கினான். அடுத்த சுற்றில் என்னையே வெளியே எடுத்துவிட்டார்கள். முதலிடத்தில் இருப்பவர் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் நிறுத்திவிடுவார்கள். அந்த விதி எனக்குப் பழைய நண்பர். பையன் முடித்துவிட்டு வந்து, பெல் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுக்கொண்டு போனான்.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த எஃகு பெல் சேற்றை வெறுக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கிண்ணத்தைத் திருகிக் கழற்றி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால்தான் பிடி திரும்பி வரும். இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங் ஒரு முறை உடைந்தது, அதே கடையில் 10 ரூபாய்க்கு மாற்றித் தந்தார்கள். காசு இருப்பவர்கள் இறக்கத்துக்கு நாக்கு மணியையும் வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றுதான் என்றால் 90 ரூபாய்தான்.

பால்காரப் பெரியவர் இப்போதும் அதே பாதையில் வருகிறார். பெல் கேட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வாளியை மட்டும் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்கிறார்.