மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச்: தரவு மாதிரி வரைவதற்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

தரவுத்தளம் ஒன்றை அமைக்க உட்காருகிறவர்களில் பலர், எடுத்த எடுப்பிலேயே அட்டவணைகளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தெந்தப் பொருள்களைப் பற்றிய செய்திகளைச் சேமிக்கப்போகிறோம், அவற்றுக்குள் என்ன உறவு, அந்த உறவு ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா, பலவற்றுக்குப் பலவா என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானிப்பதற்குப் பெயர்தான் தரவு மாதிரி. அதைத் தாண்டிப் போனவர்களுக்கு உடனே எந்தக் கெடுதலும் தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து யாராவது புதிதாக ஓர் அறிக்கை கேட்கும்போதுதான், அந்த விடையைத் தரும் செய்தி தரவுத்தளத்தில் எங்குமே பதிவாகவில்லை என்பது தெரியவரும். இந்த மாதிரியை வரைவதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் மாணவர்களும் சிறு நிறுவனங்களும் பரவலாகக் கையாளும் ஒன்று, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச். வினவல் எழுதவும் வழங்கியை நிர்வகிக்கவும்கூட அது பயன்படும் என்றாலும், இங்கே அதன் மாதிரி வரையும் பகுதியை மட்டும், ஒரு வாடகை நூலகத்துக்கான தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பிடுகிறேன்.

கருவியைப் பற்றிப் பேசுமுன், அது எந்தக் கட்டத்தில் நமக்கு உதவ வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1960களில் ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் போன்ற அமைப்புகளில் தரவு மரக்கிளை போன்ற படிநிலை மாதிரியில் இருந்தது. எந்தப் பாதையில் இறங்கிச் சென்று தரவை எடுப்பது என்பதை நிரல் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலை மாதிரி அந்தச் சுமையை நீக்கியது. 1976இல் கணினி அறிஞர் பீட்டர் சென் வெளியிட்ட உருபொருள்-உறவு மாதிரி, அட்டவணைகளைப் பற்றிய சிந்தனைக்கு முன்பாகவே உலகில் உள்ள பொருள்களையும் (இவையே உருபொருள்கள்) அவற்றின் தொடர்புகளையும் வரைந்து பார்க்க வழி செய்தது. இன்று பாடமாகச் சொல்லித்தரப்படும் மூன்று நிலைகளில் கருத்துநிலை மாதிரி அலுவலரோடும் பயனரோடும் பேசி வரைவது. தருக்கநிலை மாதிரி அதைத் திறவுகோல்களும் (ஒரு பதிவை அடையாளம் காட்டும் மதிப்புகள்) பண்புக்கூறுகளும் (ஒவ்வொரு பொருளைப் பற்றியும் சேமிக்கும் விவரங்கள்) கொண்ட வடிவமாக்குவது. பௌதிகநிலை மாதிரி குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் அது எந்தத் தரவு வகைகளோடும் சுட்டுகளோடும் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்கள்) அமையும் என்பதை முடிவு செய்வது. வொர்க்பெஞ்ச் தன் வரைபடத்தை விரிவாக்கப்பட்ட உருபொருள்-உறவு வரைபடம் என்றே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அதில் நீங்கள் வைக்கும் முதல் பெட்டியே ஓர் அட்டவணைதான். அதாவது, மூன்றாவது நிலையிலிருந்துதான் அது தொடங்குகிறது. இக்கருவியின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

சமூகப் பதிப்பு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. வரையும் அனுபவம் இதமானது. அட்டவணையை இழுத்து வைத்து, அதன் மேல் இருமுறை சொடுக்கினால் கீழே நெடுவரிசைகளை எழுதும் பகுதி விரிகிறது. முதன்மைத் திறவுகோல், வெற்றாக இருக்கக் கூடாது, தனித்துவமானது, தானாகக் கூடும் எண் என்பவற்றையெல்லாம் கட்டங்களில் குறியிட்டால் போதும். உறவுக் கோடுகளை, 'பல' என்ற முனை காக்கையின் கால்போலப் பிரியும் காக்கைக்கால் குறியீட்டில் காட்டுவது இதன் வழக்கம்; வேண்டுமானால் யூஎம்எல் முறைக்கும் ஐடிஇஎஃப்1எக்ஸ் முறைக்கும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய மாதிரிகளைப் பல வரைபடங்களாகப் பிரித்து, ஒரே அட்டவணையை இரண்டு வரைபடங்களில் வைக்கவும் முடியும். வகுப்பறையில் சுவரில் காட்டிப் பாடம் நடத்த இதைவிட வசதியான இலவசக் கருவியை நான் பார்த்ததில்லை.

இனி நூலகத்துக்கு வருவோம். தொடங்குகிறவர் இயல்பாக வரைவது உறுப்பினர், நூல் என்ற இரண்டு பெட்டிகளை. ஒரே நாவலின் மூன்று படிகள் அலமாரியில் இருந்தால் என்ன செய்வது? நூல் என்பது ஒரு படைப்பா, கையில் எடுக்கும் படியா? இரண்டும் வேறு வேறு உருபொருள்கள் என்று உணர்ந்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை ஒன்றிலும், வாங்கிய நாள், அட்டை நிலை, அலமாரி எண் ஆகியவற்றை மற்றொன்றிலும் வைத்தால்தான் எந்தப் படி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். இந்தக் கேள்வியை வொர்க்பெஞ்ச் கேட்காது. நெடுவரிசைகளைத்தான் கேட்கும். கருத்துநிலையில் நடக்க வேண்டிய இந்த உரையாடலுக்குத் தாளும் பென்சிலும், நூலகத்தில் பல காலம் வேலை பார்த்த ஒருவரும்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பலவற்றுக்குப் பல என்ற உறவை வரையும் வசதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கருவியில் பலரும் முதலில் பாராட்டுவதும் அதையே, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுவே. ஓர் உறுப்பினர் பல படிகளை எடுப்பார். ஒரு படி பல உறுப்பினர்களிடம் போய்வரும். அதற்குரிய பொத்தானை அழுத்தி இரு பெட்டிகளையும் தொட்டால், இடையில் ஓர் இணைப்பு அட்டவணை தானாக முளைக்கிறது. இரு அட்டவணைகளின் பெயர்களுக்கு நடுவே 'ஹேஸ்' என்ற சொல்லைச் செருகி அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறது. உறுப்பினர் எண், படி எண் என்ற இரண்டு அயல் திறவுகோல்களும் (வேறோர் அட்டவணையின் திறவுகோலைச் சுட்டுபவை) சேர்ந்து அதன் முதன்மைத் திறவுகோல் ஆகின்றன. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முதன்மைத் திறவுகோலின் மதிப்பு இருமுறை வரக் கூடாது என்பதால், ஒரு வாசகர் ஒரு படியைத் திருப்பித் தந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே படியை மீண்டும் எடுக்க வந்தால், தரவுத்தளம் அந்தப் பதிவை ஏற்க மறுத்துவிடும். விரும்பிய நூலை மறுபடி எடுத்துப் படிப்பது வாடகை நூலகத்தில் அன்றாடம் நடக்கும் செயல். அதைத் தடுக்கும்படி மாதிரி அமைந்துவிட்டது. இங்கே உண்மையில் இருப்பது உறவு மட்டுமில்லை. எடுத்த நாள், திருப்ப வேண்டிய நாள், திருப்பிய நாள், வாங்கிய வாடகை என்று தனக்கெனப் பண்புக்கூறுகள் கொண்ட 'இரவல்' என்ற தனி உருபொருள். அதற்கு இரவல் எண் என்று சொந்தமாக ஒரு திறவுகோல் கொடுத்து, உறுப்பினரிலிருந்தும் படியிலிருந்தும் தனித்தனியே ஒன்றுக்குப் பல என்ற கோடுகளை இழுப்பதே சரி. அந்தப் பொத்தான் நூலுக்கும் ஆசிரியருக்கும் இடையே பொருந்தும், ஏனெனில் ஓர் ஆசிரியர் ஒரு நூலை ஒருமுறைதான் எழுதுகிறார். காலத்தோடு திரும்பத் திரும்ப நிகழும் எந்த உறவுக்கும் அது பொருந்தாது. மாணவர்களுக்கு இக்கருவியை அறிமுகப்படுத்துகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளே விளக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடுகளிலும் கவனம் வேண்டும். தொடர்கோடு அடையாளம் தரும் உறவைக் குறிக்கிறது. அதாவது தாய் அட்டவணையின் திறவுகோல், சேய் அட்டவணையின் முதன்மைத் திறவுகோலுக்குள்ளேயே போய் அமர்கிறது. விட்டுவிட்டு வரும் கோடு அடையாளம் தராத உறவு. அயல் திறவுகோல் சாதாரண நெடுவரிசையாக மட்டும் இருக்கும். கருவிப்பட்டையில் இவை அடுத்தடுத்து, ஒரே சாயலில் இருப்பதால் தவறு நேர்வது எளிது. இன்னொன்று: ஒன்றுக்குப் பல கோட்டை இழுத்ததும், 'பல' என்ற முனையிலும் கட்டாயம் என்ற சிறு குறுக்குக்கோட்டை வொர்க்பெஞ்ச் தானாகவே போட்டுவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஒவ்வோர் உறுப்பினரும் குறைந்தது ஓர் இரவலாவது எடுத்தே இருக்க வேண்டும் என்று அந்தப் படம் சொல்லும். நேற்றுச் சேர்ந்த உறுப்பினருக்கு அது உண்மையாகாது. அயல் திறவுகோலாலும் அப்படிப்பட்ட விதியைக் காக்க முடியாது. உறவின் அமைப்புப் பகுதிக்குச் சென்று அக்குறியை எடுத்துவிட்டால்தான் வரைபடம் உண்மை பேசும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வரைபடத்தை நம்பித்தான் அடுத்து வருகிற நிரலாளர் வேலை செய்யப்போகிறார்.

புதிதாகச் சேர்க்கும் நெடுவரிசைக்கு 45 எழுத்துகள் வரை கொள்ளும் வார்கேர் என்ற உரை வகையைக் கருவி தானாகத் தருகிறது. தமிழில் தலைப்புகளைச் சேமிக்க இது போதாது. நீளம் யூனிகோடு குறிப்புள்ளிகளின் (ஒவ்வொரு குறிக்கும் தரப்பட்ட எண்கள்) எண்ணிக்கையில் கணக்கிடப்படுகிறது. 'கொடுமுடி' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள், யூனிகோடில் எட்டுக் குறிப்புள்ளிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். மூலமும் உரையும் என்று நீளுகிற பழைய பதிப்புகளின் தலைப்புகள் 45க்குள் அடங்கவே அடங்கா. அதேபோல, கருவி உருவாக்கும் நிரலில் எழுத்துத் தொகுதி 'யூடிஎஃப்8' என்றே வருகிறது. மைஎஸ்கியூஎல் வழக்கில் அது ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டு வரை மட்டுமே இடம் தரும் பழைய வகை. அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2019இல் யூனிகோடில் சேர்ந்த மா, காணி, முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகளும் உணர்ச்சிக்குறிகளும் நான்கு பைட்டு கேட்பவை. பழைய நிலப் பத்திரங்களையோ கோயில் கணக்குகளையோ பதிவு செய்யும் திட்டங்களில் இருப்போர் தொடக்கத்திலேயே 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றிக்கொள்வது நல்லது. இந்த இயல்புநிலைகளில் பலவற்றை விருப்பத்தேர்வுகள் பகுதியில் ஒரே முறை திருத்திவிடலாம் என்பதைக் கருவிக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும்.

மாதிரியிலிருந்து நேரடியாகத் தரவுத்தளத்தை உருவாக்கும் வசதி நம்பகமானது. இயக்குவதற்கு முன்பு முழு எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) நிரலையும் காட்டி, நம் ஒப்புதலைக் கேட்கிறது. அதை வரி வரியாகப் படிப்பதே எஸ்கியூஎல் கற்கும் நல்ல வழி. இருக்கும் அட்டவணைகளை அழித்துவிட்டு உருவாக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது, உண்மையான தரவு இருக்கும் இடத்தில் அதைத் தொடக் கூடாது. கல்லூரிகளில் பரவலாக உள்ள எக்ஸாம்ப் என்ற வலை வழங்கித் தொகுப்போடு சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தடங்கல் வரும். வொர்க்பெஞ்ச் 8.0, சுட்டுகளின் இறுதியில் 'விசிபிள்' என்ற சொல்லைச் சேர்க்கிறது. எக்ஸாம்பில் உள்ள, மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி தரவுத்தளமும் மைஎஸ்கியூஎல் 5.7உம் அதை ஏற்பதில்லை, பிழை காட்டி நின்றுவிடும். மாதிரியின் அமைப்பில் இலக்குப் பதிப்பை 5.7 என்று வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இக்கருவியின் ஆகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்திலிருந்து வரைபடத்தை மீட்டெடுக்கும் வசதியையே சொல்வேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தரவுத்தளத்தை அதில் ஏற்றிப் பாருங்கள். பல நேரங்களில் பெட்டிகள் மட்டும் வந்து நிற்கும், கோடு ஒன்றுகூட இருக்காது. 2010இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்பு வரை மைஎஸ்கியூஎல் தானாகத் தேர்ந்தெடுத்த மைஐசாம் என்ற சேமிப்பு இயந்திரம் அயல் திறவுகோல்களை அமல்படுத்தவில்லை. அக்காலத்தில் கட்டப்பட்டவற்றில் உறவுகள் அனைத்தும் நிரலில் மட்டுமே வாழ்கின்றன, தரவுத்தளத்துக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோடில்லாத அந்தப் படத்தை நிர்வாகத்தினரிடம் காட்டுவது, சீரமைப்பு ஏன் வேண்டும் என்று பல பக்கம் எழுதுவதைவிட வலுவான வாதமாக இருக்கும்.

குறைகளில் முதன்மையானது, நிபந்தனைக் கட்டுப்பாடுகளுக்கு அட்டவணைத் தொகுப்பியில் இடமே இல்லாதது. திருப்பிய நாள் எடுத்த நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகள் தரவு மாதிரியின் உயிர்நாடி. மைஎஸ்கியூஎல் 8.0.16 முதல் இவ்விதிகளைத் தரவுத்தளமே செயல்படுத்துகிறது. இருந்தும் அவற்றை வரைபடத்தோடு சேர்த்து எழுத வழியில்லை, தனி நிரலாக வைத்துப் பின்னர் இயக்க வேண்டியிருக்கிறது. மாதிரியில் உள்ள பிழைகளைச் சோதிக்கும் வசதியும் ஆவணம் தயாரிக்கும் வசதியும் கட்டணப் பதிப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது, அவை அதிகம் தேவைப்படும் மாணவர்களுக்கு இழப்பே. சேமிக்கும் கோப்பு உள்ளே சுருக்கப்பட்ட ஒரு பொதி என்பதால், கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று வரி வாரியாகப் பார்க்க முடிவதில்லை. குழுவாக வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் எஸ்கியூஎல் நிரலையும் உடன் எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தருக்கநிலை மாதிரியைத் தனியே வரைந்து, பிறகு அதிலிருந்து அட்டவணைகளைப் பெற விரும்புகிறவர்களுக்கு ஆரக்கிளின் எஸ்கியூஎல் டெவலப்பர் டேட்டா மாடலர் பொருத்தமானது. அதுவும் இலவசம், ஆனால் பழகக் காலம் பிடிக்கும். உரையாக எழுதினாலே படமாக்கித் தரும் டிபிடயகிராம், குழுவாக இணையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஏற்றது. போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வொர்க்பெஞ்சின் மாதிரிப் பகுதியால் நேரடிப் பயன் இல்லை. மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியில் வேலை செய்கிற, இருபது முப்பது அட்டவணைகளுக்குள் அடங்கும் ஒரு கடை, பள்ளி, நூலகம், மருந்தகம் ஆகியவற்றுக்கான திட்டமாக இருந்தால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். உருபொருள்களின் பட்டியலைத் தாளில் எழுதி, அங்கே வேலை செய்கிறவர்களிடம் காட்டித் திருத்திக்கொண்ட பிறகு மென்பொருளைத் திறந்தால் போதும்.