6,850 ரூபாய்க்கு வார்ப்பிரும்புப் பானை கேட்டேன், அலுமினியம் வந்தது

எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பானை வாங்கும் எண்ணத்தில் இருக்கும் நீலகிரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். எனக்கு 6,850 ரூபாய் போய்விட்டது. ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பானையை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் புழங்குவது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்கு என்று வந்து நிற்பார்கள். படம் பகிரும் செயலியில் பளபளவென்று விளம்பரம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், கூரியரில் பார்சல். இந்த வகைப் பாத்திரக்கடை என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

குன்னூரில் வெறும் இரும்புச் சட்டியை வைத்துச் சமைப்பவர்களுக்கு நான் ஏன் இதைத் தேடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால், துடைத்து எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்த சட்டியிலும் காலையில் துரு பூத்திருக்கும். புளிக்குழம்பு வைத்தால் கறுத்துப்போகும். எனாமல் பூசியதில் அந்தத் தொல்லை கிடையாது. வார்ப்பிரும்பின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூளையில் உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். புளியும் தக்காளியும் இரும்பைத் தொடுவதே இல்லை. புதுச் சட்டியைப் பழக்கும் வேலையும் மிச்சம். மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை லேசில் விடாது. பச்சை மொச்சைக்கும் ஆட்டுக்கறிக்கும் இதைவிட நல்ல பாத்திரம் இல்லை என்று இப்போதும் சொல்வேன். பானையின் மேல் எனக்குக் கோபம் இல்லை, விற்றவன் மேல்தான்.

விளம்பரத்தில் இருந்தது ஆரஞ்சு நிறப் பானை. 1925-இல் பிரான்சில் லு குருசே நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே அந்த ஆரஞ்சு இந்த வகைப் பானைக்கு அடையாளமாகிவிட்டது. அந்த நிறுவனத்தின் விலைக்கு நம் வீட்டில் ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம். இவன் 26 சென்டிமீட்டர் பானையை மூடியோடு 6,850 ரூபாய் என்றான். இந்தியாவிலேயே வார்ப்பதால் இந்த விலை என்றான். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நம் நாட்டில் நல்ல வார்ப்பாலைகள் இருக்கின்றன, கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன.

நான் நம்பிய இடம் எது என்று சொல்கிறேன். போனில் பேசினான்.

"எந்த ஊர், அக்கா?"

"குன்னூர்."

"குன்னூரா? அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுமே! பருப்பு வேக நேரம் எடுக்கும், இல்லையா அக்கா?"

எத்தனை பாத்திரக்காரருக்கு இது தெரியும்? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், கொதிநிலை இங்கே குறைவு. சமவெளியிலிருந்து வரும் நம் உறவுக்காரர்களே "கொதிக்கிறது, ஆனால் வேகவில்லையே" என்று அடுப்பைத் திட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒருவன் என் சமையலறைக்குள் நின்று பார்த்ததுபோல் பேசினான். "மூடி மட்டுமே ஒன்றரைக் கிலோ அக்கா, ஆவி வெளியே போகாது, உங்கள் ஊருக்கென்றே செய்தது" என்றான். இதில் பாதி உண்மை, பாதி புளுகு. கனமான மூடி ஆவியைக் காக்கும், குழம்பு வற்றாது. ஆனால் குக்கரைப் போல அழுத்தம் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தாது. பருப்புக்கு இந்த மலையில் குக்கர்தான் கதி. அது எனக்கும் தெரியும். வியாபாரி கொஞ்சம் கூட்டித்தான் பேசுவான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வீடியோ அனுப்பினான். பானையைக் கவிழ்த்து, ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோகிறான். டக் என்று ஒட்டிக்கொள்கிறது. "பாருங்கள் அக்கா, அசல் இரும்பு." எடை 5.3 கிலோ என்று எழுத்திலும் அனுப்பினான். அந்த அளவுப் பானைக்கு அது சரியான எடைதான். கணக்குத் தெரிந்த திருடன்.

"மலைக்கு கேஷ் ஆன் டெலிவரி கிடையாது அக்கா, கூரியர்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை." இதுவும் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய வசனம். யுபிஐ-யில் 6,850 ரூபாய், முழுத் தொகை, ஒரே தடவையில் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. கூரியர் ஒட்டிய சீட்டில் எடை 2.6 கிலோ. அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் சேர்த்து. தவறாக அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்துத் தூக்கினேன், ஒரு கையில் வந்துவிட்டது. பக்கத்து ஊரான வெலிங்டனில் என் தோழி வீட்டில் இருக்கும் அசல் பானையை நான் இரண்டு கையாலும் பிடிதுணி போட்டுத் தூக்கியிருக்கிறேன், தோள் இறங்கும்.

பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்தேன். அடியில் வைத்தேன், ஒட்டியது. பக்கத்தில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. மூடியில் வைத்தேன், விழுந்தது. கைப்பிடியில் வைத்தேன், விழுந்தது. அப்போதுதான் வீடியோவின் சூட்சுமம் விளங்கியது. இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்வதற்காக அலுமினியப் பாத்திரங்களின் அடியில் ஒரு வட்ட இரும்புத் தகடு பதிப்பார்கள். அவன் கவிழ்த்துக் காட்டியது அந்தத் தகட்டை மட்டும்தான். பானையின் பக்கத்தை ஒரு நொடிகூடக் காட்டவில்லை.

உடனே போன் செய்தேன். "இது லைட் வெயிட் வார்ப்பிரும்பு அக்கா, புதுத் தொழில்நுட்பம்" என்றான். மெல்லிய வார்ப்பிரும்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. காந்தம் ஒட்டாத வார்ப்பிரும்பை எந்தச் சமையலறையில் பார்த்தான்? "சமைத்துப் பாருங்கள் அக்கா, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்றான். சரி என்று சிறு தீயில், மரக்கரண்டி போட்டு, மேராக்காய்க் கூட்டுதான் வைத்தேன். கழுவும்போது அடியில் மிளகு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து வந்தது. கீழே தெரிந்தது வெள்ளி நிறம். அசல் பானையில் எனாமல் சில்லு போனால் கருஞ்சாம்பல் இரும்பு தெரியும், ஈரம் பட்டால் துரு பிடிக்கும். இந்த ஊர் ஈரத்தில் தண்ணீரோடு இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். துரு இல்லை. பாத்திரத்தில் துரு பிடிக்கவில்லையே என்று வயிறெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் காட்டினேன். சுண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, இது அலுமினியம். இரும்பைவிடக் கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும், போடுகிறீர்களா?" என்றார். என் 6,850 ரூபாய்க்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

அதன் பிறகு அவன் குரலே மாறிவிட்டது. "நீங்கள் பெருந்தீயில் வைத்திருப்பீர்கள் மேடம்." இல்லை என்றேன். "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா மேடம்?" பெயர்ந்த பூச்சுக்கும் பிரிக்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? "மலைக்கு பிக்கப் இல்லை, கோயம்புத்தூர் குடோனுக்கு நீங்களே கொண்டு வந்து கொடுங்கள்." கொண்டு வருகிறேன், முகவரி கொடு என்றேன். முகவரி வரவே இல்லை. "மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன்." எந்த மேலிடம்? கடைசியாக வந்தது என்ன தெரியுமா? அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! அதற்கு நான் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. அத்தோடு என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

விளம்பரம் வந்த செயலியில் புகார் செய்தால், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று தானாக ஒரு பதில் வருகிறது. வங்கியில் கேட்டால், பணத்தை நீங்களே பின் எண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள். ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். பெட்டியில் இருந்த பில்லில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவனிடம் அலுவலரும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒரு போன் எண்ணும் ஒரு காந்தமும்தான் இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள். மசியாவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 6,850 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆம், இவ்வளவுதான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காந்தத்தைப் பக்கத்திலும் மூடியிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அடியில் ஒட்டுவதை நம்பாதீர்கள். தராசில் வைத்து வீடியோ கேளுங்கள். 24 சென்டிமீட்டர் பானையே மூடியோடு 4 கிலோவைத் தாண்டும். காந்தம் எங்கும் ஒட்டி, எடையும் இல்லை என்றால் அது தகரத்தில் எனாமல் பூசியது, அதற்கு விலை வேறு. முன்பணமாக முழுத் தொகையைத் தனி ஆளின் யுபிஐ-க்கு அனுப்பாதீர்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், எடையைக் காட்டும் கூரியர் சீட்டைக் கிழிக்காதீர்கள். அசல் பானை கிடைத்தவர்கள் வெறும் பானையைத் தீயில் வைக்காதீர்கள், சூட்டோடு குழாயடியில் நீட்டாதீர்கள், கண்ணாடிப் பூச்சு வெடித்துவிடும். விளிம்பில் பூச்சு மெல்லியதாக இருக்கும், ஈரமாக விட்டால் நம் ஊரில் அங்கேதான் முதலில் துரு வரும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அந்த விளம்பரம் இன்று காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே ஆரஞ்சுப் பானை, அதே காந்தம், கீழே "மலைப்பகுதிகளுக்கு இலவச டெலிவரி" என்று புதிதாக ஒரு வரி. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர்ப் பக்கம் யாராவது இதே பானைக்குப் பணம் கட்டியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பணம் அனுப்பிய ரசீதும் கூரியர் சீட்டும் இருந்தால் எடுத்து வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தாலும் போதும், சேர்ந்தே ஊட்டிக்குப் போவோம்.