கட்டையா, மட்டையா, ஓடா? ஆர்க்கிட்டை எதில் கட்டலாம்

ஆர்க்கிட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து எதன் மேலாவது கட்டித் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தவுடன், பெரும்பாலானவர்கள் கண் முதலில் போவது வளைந்து நெளிந்து வெளுத்துப்போன டிரிஃப்ட்வுட் (தண்ணீர் அடித்துவந்து ஒதுக்கிய மரக்கட்டை) மேல்தான். அழகில் அதற்குப் போட்டி கிடையாது. ஆனால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் வளர்ப்பவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மே மாத வெயிலில் அது எவ்வளவு நேரம் ஈரம் வைத்திருக்கும்? எத்தனை வருடம் உளுத்துப்போகாமல் நிற்கும்? டிரிஃப்ட்வுட்டையும் வீட்டிலேயே செய்துகொள்ளும் மாற்றுகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. செத்த செல்களால் ஆன, பஞ்சு மாதிரியான உறை. தண்ணீர் பட்டதும் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு வெள்ளி நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும். அப்புறம் அது காய வேண்டும்; நாள் கணக்கில் நனைந்தே கிடந்தால் அழுகும். இன்னொரு விஷயம், இந்த வேர் ஒரு பரப்பைப் பிடித்துவிட்டால் பிய்க்காமல் எடுக்க முடியாது. கட்டை இரண்டு வருடத்தில் உளுத்தால் செடியை வேரறுத்துத்தான் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். நரிவால் போலப் பூங்கொத்து தொங்கவிடும் ரின்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்ற ஆர்க்கிட்டுக்கு இந்தத் தொந்தரவு ஆகவே ஆகாது. வேர் அறுந்தால் பூக்காமல் நெடுநாள் முறைத்துக்கொண்டு நிற்கும்.

டிரிஃப்ட்வுட்

நம் கைக்கு இது மூன்று வழிகளில் வருகிறது: கடற்கரையில் ஒதுங்குவது, ஆற்று வெள்ளம் அடித்து வருவது, மீன்தொட்டிக் கடையில் விற்பது. மூன்றையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

கடல் கட்டையில் உப்பு உள்வரை ஏறியிருக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கப்பல் புழு குடைந்த ஓட்டைகள் நிறைந்த கட்டை பார்க்க அருமையாக இருக்கும், வேர் நுழைந்து பிடிக்கவும் வசதிதான். ஆனால் உப்பு ஒளிந்திருப்பதும் அந்த ஓட்டைகளில்தான். உப்பு பட்ட வேர் நுனி கருகி அப்படியே நின்றுவிடும். மேலாக ஹோஸ் பிடித்துக் கழுவுவது கணக்கில் வராது. பெரிய டிரம்மில் கல்லை ஏற்றி மூழ்கடித்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் மாற்றிய அன்று டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்னக் கருவி) பாருங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். எண் கொஞ்சமும் ஏறாத நிலை வந்தால் கட்டை தயார். டிரம் வைக்க இடமில்லாதவர்கள் ஐப்பசியில் மொட்டைமாடியில் கிடத்திவிட்டுத் தை மாதம் எடுக்கலாம். பாதி வேலையை வடகிழக்குப் பருவமழையே செய்துவிடும். அப்போதும் மீட்டர் சோதனையை விடாதீர்கள்.

ஆற்றுக் கட்டையில் இந்த உப்புத் தலைவலி இல்லை. காவிரியிலோ தாமிரபரணியிலோ வெள்ளம் வடிந்த பின் கரையில் கிடப்பவற்றில் நல்லதும் சொத்தையும் கலந்திருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பதிந்தால் வேண்டாம். மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, வீட்டுக்கே கொண்டுவராதீர்கள்.

கொளத்தூர் பக்கம் மீன்தொட்டிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கும் கனத்த மரம். உப்பில்லை, சீக்கிரம் உளுக்காது. ஊறவைத்தால் டீ நிறத்தில் சாயம் இறங்கும். அது டானின்தான், செடிக்குக் கெடுதல் இல்லை. குறை என்றால் விலை மட்டுமே. எடை போட்டு விற்கிறார்கள், கனமான மரம் வேறு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். டிரிஃப்ட்வுட்டின் தோற்றம்தான் வேண்டுமென்றால், ஏற்காடு பக்கத் தோட்டங்களில் வயதான செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் காப்பிக் கட்டையைத் தேடுங்கள். அதே முறுக்கு, அதே கிளைப்பு, உப்பு கிடையாது, இறுகிய மரம். பரப்பு வழவழப்பாக இருந்தால் ரம்பத்தால் லேசாகக் கீறிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். மாங்கட்டை எங்கும் கிடைக்கிறது, ஆனால் மழையில் நனைந்து நனைந்து சீக்கிரம் இற்றுவிடும். முருங்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்த மரக்கட்டையாக இருந்தாலும் ஒரு பலவீனம் பொது: ஈரம் நிற்காது. கோடையில் காலையில் ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் ஆள் வேண்டும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தே ஆக வேண்டும்.

தேங்காய் மட்டை

இது கட்டைக்கு நேர் எதிர். காலையில் நனைத்தால் மறுநாள் வரை ஈரம் வைத்திருக்கும். வேர் நாருக்குள் புகுந்து வேகமாகப் பரவும். காசும் இல்லை. புதிதாக வளர்க்க ஆரம்பிப்பவர்கள் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் கலப்பினங்களை மட்டையில் கட்டி நல்ல பலன் பார்க்கிறார்கள்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். தொடர்மழையில் மட்டை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், காயாது. செடியின் அடிப்பகுதி கறுத்து இளகும் அழுகல் நோய் அப்போதுதான் வரும். நத்தைக்கும் எறும்புக்கும் அது வீடு. இரண்டு மூன்று வருடத்தில் மக்கிக் கையோடு வரும். கட்டும் முன் சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டியது இதற்கும் உண்டு. மட்டையில் சாயமும் உப்பும் இருக்கும், கடலோரத் தோப்புக் காய் என்றால் இன்னும் அதிகம். முழு மட்டையில் கட்டாமல், கட்டைக்கும் செடிக்கும் நடுவே கையகலத்துக்கு மெல்லிய நார் வைத்துக் கட்டுவது நல்ல சமரசம். ஸ்பாக்னம் பாசியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் நம் மழைக்காலத்துக்கு அது இன்னும் அதிகமாக ஈரம் தேக்கும். வைத்தால் சிட்டிகை அளவு போதும்.

ஓடும் பானையும்

பழைய வீடுகளை இடிக்கும்போது சீமை ஓடும் நாட்டு ஓடும் குவியலாகக் கிடக்கும். சுட்ட மண் என்பதால் உளுக்காது, கரையான் தொடாது. நுண்துளைகளில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். அந்த ஈரம் ஆவியாகும்போது ஓடு குளிர்ந்தும் இருக்கும். நாட்டு ஓட்டின் வளைந்த முதுகில் வேர் படர்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். இருபுறமும் டிரில்லில் ஓட்டை போட்டுக்கொண்டால் கட்டுவதும் தொங்கவிடுவதும் எளிது. சுத்தியல் மோடில் துளைத்தால் ஓடு விரிந்துவிடும், சாதாரண மோடில் மெதுவாகப் போடுங்கள். நேர் வெயிலில் காய்ந்த ஓடு மட்டும் சட்டி மாதிரி சுட்டு வேரைப் பொசுக்கிவிடும். நிழல்வலைக்குக் கீழேதான் அதற்கு இடம்.

இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு மண்பானை. மெருகு பூசாத சின்னப் பானைக்குள் தண்ணீர் ஊற்றி, வெளிப்புறத்தில் செடியைக் கட்டிவிடுவது. சுவர் வழியே கசியும் ஈரத்தை வேர் தானே எடுத்துக்கொள்ளும். பார்த்த வகைகளிலேயே வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் போர் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நாளில் பானை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், அந்த உப்பின் மேல்தான் வேர் உட்கார்ந்திருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் டிடிஎஸ் அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஆர்க்கிட்டுக்கு அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். மழைநீரோ, ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரோ பிடித்து ஊற்றினால் பானை சுத்தமாக இருக்கும். பானையில் கொசு முட்டையிடாமல் மூடி போடவும் மறக்காதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

பிவிசி குழாயின் மேல் தேங்காய் நாரைச் சுற்றி நிழல்வலையால் இறுக்கிய தூண்: இலேசு, மலிவு, வருடக்கணக்கில் நிற்கும், பார்க்கச் சகிக்காது. வேர் மூடியபின் தெரியாது என்று செய்தவர்கள் சொல்வது உண்மைதான்.

பேக்கிங் பலகையில் சட்டம் செய்கிறவர்கள் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்கவும். எச்டி (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். ப்ளைவுட் மழையில் பிரிந்துவிடும். தேக்குச் சட்டக் கூடை வாண்டா வகை ஆர்க்கிட்டுக்கு அருமை, ஆனால் செலவு.

புதிய சிமென்ட் கடுமையான காரம்; வாரக்கணக்கில் ஊறவைக்காமல் செடியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். போர்ச்சுகல் கார்க் பட்டை உலகம் முழுக்க விரும்பப்படுவது, ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு மரத்தில் உரிப்பார்கள். நம் ஊர் விலையைக் கேட்டுவிட்டு ஓட்டுக்கே திரும்பிவிடலாம். மரப்பெரணித் துண்டுகள் யாராவது விற்றால் வாங்காதீர்கள். சயாதியா வகை மரப்பெரணிகள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. காட்டு ஆர்க்கிட்டுக்கும் அதே பேச்சு: காப்புக்காட்டிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம், நர்சரியில் பெருக்கியதையே வாங்குங்கள்.

எந்தச் செடிக்கு எது

வறண்ட காடுகளில் வெறும் மரத்தில் தொற்றி வாழும் வாண்டா டெசலாட்டாவுக்குக் காப்பிக் கட்டையோ ஆற்றுக் கட்டையோ போதும், நாரே வேண்டாம். நரிவாலுக்கும் கட்டைதான், உளுக்காத மரமாக இருக்கட்டும். ஃபெலனாப்சிஸுக்கு ஓடு பொருத்தம். இலைகள் கீழ்நோக்கித் தொங்கும்படி சாய்த்துக் கட்டினால் குருத்தில் தண்ணீர் தேங்காது. கடையில் நின்றபடி விற்பதால் நாமும் நிமிர்த்தியே வைக்கிறோம், இயற்கையில் அது சாய்ந்துதான் வளரும். டென்ட்ரோபியம் கலப்பினம் தண்ணீர்ப் பிரியம் உள்ளது. அதை ஓட்டில் கொஞ்சம் நார் வைத்தோ பானையிலோ கட்டுங்கள்.

எதில் கட்டினாலும் பச்சை நுனியோடு புது வேர் கிளம்பும் சமயம் பார்த்துக் கட்டவும். பழைய வேர் புதுப் பரப்பைப் பிடிக்காது. கட்டுவதற்கு வாழைநார் நன்றாக இருக்கிறது, வேர் பிடிக்கும் நேரத்தில் தானே இற்று விழும். கனமான செடிக்குத் தூண்டில் நரம்பு. செம்புக் கம்பி மட்டும் வேண்டாம், வேருக்கு நஞ்சு. செடி ஆடினால் வேர் பிடிக்காது, அதனால் அசையாமல் இறுக்க வேண்டும், தண்டு நசுங்காமல்.

வடகிழக்கு மழை தொடங்கியதும் மட்டையில் இருப்பவற்றை மட்டும் கூரைக்கு அடியில் மாற்றுங்கள். கட்டையிலும் ஓட்டிலும் இருப்பவை மழையிலேயே நிற்கட்டும்.