கூ த ஃபூத்ர் (1983): லியோன் நகரத்து இரண்டு மனைவிகள்

இந்தப் பிரெஞ்சுப் படத்தைத் தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள். பிரான்சில் இதன் பெயர் ‘கூ த ஃபூத்ர்’. மின்னல் தாக்குவதைக் குறிக்கும் சொல். பேச்சு வழக்கில் கண்டதும் காதல். அமெரிக்காவில் ‘ஆந்த்ர் நூ’ (நமக்குள்) என்ற பெயரில் ஓடியது. இயக்குநர் தியான் குரிஸ். இது அவருடைய பெற்றோரின் கதை.

முதல் பகுதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1942இல் தெற்குப் பிரான்சின் தடுப்பு முகாமில் இருக்கும் யூதப் பெண் லேனா, நாடுகடத்தலிலிருந்து தப்பிக்க அங்கே வேலை பார்க்கும் படைவீரன் மிஷெலை மணக்கிறாள். இதனூடே மதலேன் என்ற ஓவிய மாணவியின் கதையும் வெட்டி வெட்டி வரும். அவள் கணவன் கண்ணெதிரே சுடப்பட்டுச் சாகிறான். இருவருக்கும் என்ன தொடர்பு என்று அப்போது தேட வேண்டாம். 1952இல் லியோனில், பிள்ளைகளின் பள்ளி விழாவில்தான் சந்திக்கிறார்கள். ஆனால் இந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தால் படமே கெட்டுப்போகும். லேனாவுக்கு மிஷெல்மேல் இருப்பது காதலல்ல, உயிர்க்கடன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அவளுடைய சிக்கல்.

அன்றைய சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் பெண்களுக்கு 1944இல் வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கலாம் என்ற நிலை 1965 வரை நீடித்தது. அவன் சம்மதமின்றித் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கும் உரிமையும் அந்த ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் விவாகரத்து 1975இல்தான் மீண்டது. இந்தப் பின்னணியில் பார்த்தால், தோழிகள் கனவு காணும் துணிக்கடை எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அந்தக் கடையை மிஷெல் அடித்து நொறுக்கும் காட்சி படத்தின் உச்சம். மிஷெலாக நடிக்கும் கீ மார்ஷான் அதில் கோபத்தைவிடப் பயத்தையே அதிகம் காட்டுகிறார். கார் பட்டறை வைத்து, குடும்பத்துக்காக உழைத்து, பிள்ளைகளை உயிராக நேசிப்பவன் அவன். அவனை வில்லனாக்காததுதான் இந்தப் படத்தின் பெரிய நேர்மை.

இசபெல் உப்பேர் (லேனா) மெல்ல மெல்லத் திறக்கிறார். மியூ-மியூ (மதலேன்) முதலிலிருந்தே எரிகிறார். இது நட்பா, காதலா என்று படம் சொல்லவில்லை. சொல்லாததால் ஒன்றும் குறையவில்லை. பிரெஞ்சில் நம் ‘நீ’, ‘நீங்க’ போலவே ‘தூ’, ‘வூ’ உண்டு. ஆங்கில வசன வரிகளில் அது காணாமல் போகும், ஆகவே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்.

குறை என்றால் மதலேனின் இரண்டாம் கணவன் கோஸ்தாதான். எடுத்த தொழிலெல்லாம் தோற்பவன் என்பதற்குமேல் அவனுக்கு எழுத்தில் இடமில்லை. ஜான்-பியேர் பாக்ரி நடித்தும் பாத்திரம் மெலிந்தே நிற்கிறது.

பிடித்துப்போனால், பிரிந்த பெற்றோரின் மகள்களைப் பற்றி இதே இயக்குநர் 1977இல் எடுத்த ‘தியாபோலோ மாந்த்’ படத்தை அடுத்துப் பாருங்கள். ‘கூ த ஃபூத்ர்’ பார்க்கும்போது, கடற்கரைக் காட்சி முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். கடைசியில் திரையில் சில வரிகள் வரும். அம்மா, அவள் தோழி, அப்பா என்று மூவருக்கும் சேர்த்தே படத்தை இயக்குநரான மகள் சமர்ப்பிக்கிறாள்.