3 வருட டிகின்டர் அனுபவம்: ஜன்னல் மூடினாலும் நிரல் நிற்கவில்லை

கொழும்பு புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில் மாமாவுக்கு மொத்த வியாபாரக் கடை. வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய். மின்னணுத் தராசு காட்டும் எடையைக் கணினியில் வாங்கி பில் அடிக்க, பைதானில், ஜன்னலும் பொத்தானும் செய்ய உதவும் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். 3 வருடமாகத் தினமும் ஓடுகிறது.

தொடங்க ஒரே வரி போதும். மெயின்லூப் என்ற சுழற்சியை அழைத்தால் நிரல் அங்கேயே நின்று, மவுஸ் கிளிக், விசை அழுத்தம், திரையை மறுபடி வரைவது என்று வருவதை ஒவ்வொன்றாகக் கவனிக்கும். அந்த வரிக்குக் கீழே உள்ளது எதுவும் சுழற்சி முடியும்வரை ஓடாது. தராசுக்காக இந்தச் சுழற்சி காத்திருந்தால் திரை உறைந்துவிடும். 5 நொடி போனால் 'பதிலளிக்கவில்லை' என்று விண்டோஸ் காட்டும். அதனால் தராசை வாசிக்கத் தனி திரெட், அதாவது அதே நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலை. அது எடையை ஒரு க்யூவில் (வரிசையில்) போடும், குறித்த நேரம் கழித்து வேலையை அழைக்கும் ஆஃப்டர் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எடுத்துத் திரையில் காட்டும். இந்தப் பகுதி இன்றுவரை ஒரு தொல்லையும் தரவில்லை.

நிறுத்துவதில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் 'வெளியேறு' பொத்தானில் குவிட் கட்டளையை வைத்தேன். குவிட் சுழற்சியை மட்டும் நிறுத்தும், ஜன்னலை அழிக்காது. வேண்டுமென்றால் மெயின்லூப்பை மறுபடி தொடங்கலாம். தராசு திரெட் முடியாததால் பைதானும் முடியாமல், ஜன்னல் செத்துப்போய்த் திரையிலேயே நின்றது. சரி என்று ஜன்னலையே அழிக்கும் டெஸ்ட்ராய்க்கு மாற்றினேன். ஜன்னல் உடனே மறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை லொறி வந்து நிற்கும் நேரத்தில் மாமாவின் அழைப்பு. "தம்பி, தராசு எடை காட்டுதில்லை. நேற்று மூடிப்போட்டுத்தானே வந்தனான்." அவர் மூடியது உண்மைதான். கணினியை அணைக்கவில்லை, அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். முதல் நாளின் பைதான் ஜன்னலே இல்லாமல் ஓடிக்கொண்டு, தராசு கணினியோடு பேசும் காம் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு நிரல் பிடித்த போர்ட்டை இன்னொன்று திறக்க விண்டோஸ் விடாது.

அந்த வாரமே மூடும் வழியைப் புதிதாக எழுதினேன். மேல்மூலைப் பெருக்கல் குறி, 'வெளியேறு' பொத்தான் இரண்டும் ஒரே செயற்கூறுக்குத்தான் போகும். அது முதலில் திரெட்டுக்கு நிறுத்தக் கொடி காட்டும். காத்திருக்கும் ஆஃப்டரை ரத்துச் செய்யும். இதை விட்டால், அழிந்த ஜன்னலைத் தேடிப் பிழைச்செய்தி வரும். பிறகு திரெட் முடியும்வரை காத்திருந்து, போர்ட்டை மூடி, கடைசியாகத்தான் டெஸ்ட்ராய். வேலை பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை என்றால் திரெட்டை டீமனாக்கினாலே போதும், நிரல் முடியும்போது அதுவும் நின்றுவிடும். எனக்கு மனம் வரவில்லை, கடைசி மூட்டையின் எடையும் பதிவாக வேண்டும்.

போர்ட் வாசிப்புக்கு அரை நொடி வரம்பும் வைத்தேன். அது இல்லாவிட்டால் திரெட் கொடியைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது மாமா மூடும்போது ஜன்னல் கொஞ்சம் பிந்தித்தான் மறைகிறது. அதற்குப் பிறகு காலையில் தராசுக்காக அவர் என்னை அழைத்ததில்லை.